பள்ளத்தில் தெரிந்த மேட்டுப்பட்டி

நிலத்தின் மேடுபள்ளம் அளக்கும் லெவல் மிஷினில் கண் வைத்துப் பிழைத்தவனுக்கு உலகம் தலைகீழாகத்தான் தெரியும். அந்தக் காலத்து மிஷின்கள் அப்படி. குழலுக்குள் வானம் கீழே கிடக்கும், பூமி மேலே இருக்கும், பனைமரமெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். எழுபதுகளில் மதுரையைச் சுற்றிக் கால்வாய் சர்வே பார்த்த எனக்கு இது பழகிப்போய், கண்ணை எடுத்தால்தான் ஏதோ கோளாறு போலிருக்கும். மிஷினைத் தாங்கும் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் அலைந்த சகாக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்பினால் போதும்.

தொங்கிய மண்டபம்

வேலைக்குச் சேர்ந்த புதிது. வண்டியூர்த் தெப்பக்குளத்துக் கரையில் மிஷினை நிறுத்திக் கண் வைத்தேன். நடு மண்டபம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குளத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, உள்ளே பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் குழலுக்குள் மண்டபத்துக்கு அடியில் வானம் நீலமாகத் தேங்கி நின்றது. குளம் நிரம்பிவிட்டது என்றே ஒரு கணம் நினைத்தேன். அந்தத் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

எதிரே, அளவு போட்ட நீளக் கட்டையை நிமிர்த்திப் பிடித்தபடி எங்கள் ஆள் பாண்டி அண்ணன் நின்றிருந்தார். நான் பார்த்து அளவைச் சொன்னால்தான் அவர் கட்டையை இறக்கலாம். அது எனக்கு மறந்தே போய்விட்டது. அவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்:

"சார், மண்டபம் எங்கயும் போயிறாது. கை கடுக்குது, அளவச் சொல்லுங்க."

ஆனையூர்க் காப்பி

ஆனையூரில் அப்போது வயலும் வீடும் கலந்து கிடந்தன. ஒரு வீட்டு வாசலில் முக்காலியை ஊன்றியதும் அந்த வீட்டம்மா முகம் வெளுத்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் நுரை ததும்பும் காப்பி, கூடவே முறுக்கு. ரோட்டை அகலப்படுத்த வந்திருக்கிறோம், வாசல்படி போகப் போகிறது என்று அவருக்குப் பயம். நமக்கு அது தெரியுமா? நல்ல மனுஷி என்று நினைத்துக் குடித்து முடித்தேன். அவர் மெதுவாக விஷயத்தைக் கேட்டபோது, ரோடு இல்லை, வாய்க்கால் மட்டம் பார்க்கிறோம், உங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அவர் காலி டம்ளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா மோரோட விட்டிருப்பேன்ல?"

தலைப்பாக்கட்டு ஐயா

செப்டம்பரில் நம் நாட்டு என்ஜினியர்களுக்கெல்லாம் முன்னோடியான பெரியவர் ஒருவரின் பிறந்தநாள் வரும், அதுதான் என்ஜினியர்கள் தினம். அணை கட்டியவர், வெள்ளம் ஏறினால் தானே திறந்துகொள்ளும் மதகை அமைத்தவர். டவுன் ஆபீஸில் மாலை, சொற்பொழிவு, கேசரி என்று அமர்க்களப்படும். நாங்கள் மேற்கே கால்வாய்க் கரையில் கேம்ப் போட்டிருந்தோம். தலைப்பாகையோடு இருக்கும் அவர் படத்தை ஒரு மேஜையில் வைத்து, மிஷினுக்கும் கட்டைக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, வருகிறவர்களுக்குப் பொரிகடலை கொடுப்போம். அன்றைக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் மிஷினில் கண் வைக்கலாம்.

அந்த வருஷம் மேட்டுப்பட்டி கருப்பையா அண்ணன் மாலையோடு வந்தார். கால்வாயிலிருந்து அவர் ஊருக்குக் கிளை வெட்ட முடியுமா என்றுதான் நாங்கள் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். பேரிலேயே மேட்டை வைத்திருக்கிற ஊர், கணக்கிலும் ஓர் ஆள் உயரம் மேடாகவே வந்தது. தண்ணீர் ஏறாது. அவருக்கோ கிணறு வற்றிவிட்டது, மழையை நம்பிப் போட்ட கடலை கருகிக்கொண்டிருந்தது. நல்ல நாளும் அதுவுமாக அவரிடம் நான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் நேரே போய்ப் படத்துக்கு மாலை போட்டு, சூடம் கொளுத்தி, "தலைப்பாக்கட்டு ஐயா, எங்க ஊருப் பக்கமும் கொஞ்சம் பாருங்க" என்று கும்பிட்டார்.

பிறகு மிஷினில் கண் வைத்தார். கால்வாய்க்கு இந்தப் பக்கத்திலிருந்து அது அக்கரை மேட்டுப்பட்டியைப் பார்த்து நின்றது. அவர் வெகுநேரம் அசையவில்லை. நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"சார், இதுல கால்வாய் மேல ஓடுது, எங்க ஊரு பள்ளத்துல கெடக்கு. இதுல தெரியுறபடியே எழுதிக்கிடுங்க, தண்ணி தன்னால வந்துரும்."

வருஷத்தில் ஒரு நாள்

நான் கணக்கில் வந்தபடிதான் எழுதினேன். கிளை வேறு ஊருக்குப் போனது. கருப்பையா அண்ணன் பாதி நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, டவுனில் லாரிக்கு மூட்டை ஏற்றப் போனார். அடுத்த பிறந்தநாளுக்கு வந்து நாலு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். வந்தார். மாலை போட்டார், மிஷினில் கண் வைத்துப் பார்த்தார், பொரிகடலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அவர் வருவதற்கு முன்பே மிஷினை மேட்டுப்பட்டிப் பக்கம் திருப்பி வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவர் பார்த்த பிறகு நானும் ஒருதரம் பார்ப்பேன். மேலே கால்வாய் மினுங்கும், கீழே அவர் ஊர் அதற்காகக் காத்துக் கிடக்கும். தண்ணீர் இறங்க வேண்டியதுதான் பாக்கி என்று இருக்கும்.

ஒரு வருஷம் கேட்டேவிட்டேன்: "தண்ணிதான் வரலையே அண்ணே, எதுக்கு வேலையை விட்டுட்டு இம்புட்டு தூரம் வாரீங்க?"

"வருசம் பூராம் மேட்டுலதான சார் இருக்கோம். ஒரு நாளு பள்ளத்துல இருந்துட்டுப் போறோமே."

புது மிஷின்

எண்பதுகளில் புது மிஷின் வந்தது. அதில் எல்லாம் நேராகவே தெரியும். பழையதைக் கழித்து ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிறந்தநாளில் புதியதற்குச் சந்தனம் இட்டு, வழக்கம்போல மேட்டுப்பட்டிப் பக்கம் திருப்பி வைத்தேன். கருப்பையா அண்ணன் மாலையைப் போட்டுவிட்டு வந்து கண் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். கால்வாய் கீழே ஓடியது, ஊர் அதன் இடத்தில் மேட்டில் இருந்தது. அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது வெறுங்கண்ணுக்கே தெரியுதே சார். அந்தப் பழைய மிஷின எடுத்து வைங்க, பார்த்துட்டுப் போறேன்."

நேராகக் காட்டும் மிஷின் வந்ததிலிருந்து, தலைகீழாகவாவது ஒருவருக்கு நல்ல சேதி காட்டுகிற வசதி எங்கள் தொழிலில் இல்லாமல் போய்விட்டது.