மதினி காலில் இருந்த எட்டுத் திருகாணிகள்

போடியில் எங்கள் தெருவில் என்னைப் பற்றிக் கேட்டால், "அது ஆணி செய்யிற கம்பெனியில இருக்கு" என்பார்கள். பொய்யில்லை. நான் வரைவது எலும்பில் போடுகிற திருகாணி. எலும்பு உடைந்தால் அதன் மேல் பட்டையான உலோகத் தகடு ஒன்றை வைத்து, நகராமல் இருக்க இந்தத் திருகாணிகளை எலும்புக்குள் இறக்குவார்கள். ஆஸ்பத்திரியில் பிளேட்டு, ஸ்க்ரூ என்று சொல்வது இவற்றைத்தான்.

படிப்பு முடிந்ததும் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். மூன்றாவது வருஷம் ஒரு தகட்டையும் அதன் திருகாணியையும் முழுக்க என் பொறுப்பில் விட்டார்கள். அந்தத் திருகாணிக்குத் தலையிலும் மரை, அதாவது சுற்று வரிகள், உண்டு. எலும்பில் இறங்கி முடிக்கும்போது தலை தகட்டையே கடித்துப் பூட்டிக்கொள்ளும். சோதனை எந்திரத்தில் ஆட்டினோம், இழுத்தோம், லட்சக்கணக்கான தடவை வளைத்தோம். அசையவில்லை. அசையாததற்காக என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் அண்ணன் மனைவி, என் மதினி, போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். ஆடி மழையில் ஒரு நாள் சரிவில் வழுக்கி, காய்ச் சாக்கோடு உருண்டுவிட்டார். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு இரண்டாகிவிட்டது. தேனியில் சேர்த்து பிளேட்டு வைத்தார்கள். அந்த நேரம் நான் வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சியில் இருந்தேன். வந்து பார்த்தபோது மதினி கட்டோடு படுத்திருந்தார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தகட்டின் நுனியில் ஒரு சின்ன வளைவு இருந்தது. அந்த வளைவை வரைந்தது என் கை. எட்டுத் திருகாணிகளும் என்னுடையவை.

யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். என்றைக்காவது அது வெளியே வரும்போது மதினி கையில் கொடுத்து, "இது நான் செஞ்சது" என்று சொல்லலாம் என்று நினைத்தேன்.

எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. மதினி திரும்பவும் மலையேறினார். ஆனால் ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். அட்டைக்குப் பயந்து எல்லாரும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுவார்கள். மதினிக்கு அந்த பூட்ஸ் சரியாகத் தகட்டின் மேல் உரசியது. தோலுக்கும் தகட்டுக்கும் நடுவில் சதையே கிடையாது. சாயங்காலம் பூட்ஸைக் கழற்றினால் அந்த இடம் கன்றிச் சிவந்திருக்கும்.

"எடுத்துரலாம் மதினி. எலும்பு கூடிருச்சுல்ல, இனி அது எதுக்கு?" என்றேன்.

"மறுபடி கால அறுக்கணுமா? எனக்குப் பயமா இருக்கு ஆத்தா."

"அரை மணி நேரச் சோலி. போட்ட வழியாவே கழட்டி எடுத்துருவாங்க."

அரை மணி நேரம் என்று எதை வைத்துச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திருகிப் போட்டது, திருப்பித் திருகினால் வரும். அவ்வளவுதான் நான் யோசித்திருந்தது.

ஆபரேஷனுக்கு நானும் உள்ளே வருகிறேன் என்று டாக்டரிடம் கேட்டேன். திருகாணி எங்களுடையது என்றும் சொன்னேன். கம்பெனி ஆட்கள் கருவிகளோடு உள்ளே நிற்பது வழக்கம்தான், ஒத்துக்கொண்டார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். மதினி விழித்துத்தான் இருந்தார். கால் தெரியாதபடி நெஞ்சுக்கு மேல் துணி கட்டியிருந்தார்கள். நான் தலைமாட்டில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் மூன்றும் அழகாக வந்தன. ஒவ்வொன்றும் எஃகுக் கிண்ணத்தில் விழும்போது 'டிங்' என்றது. மதினி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான்காவதில் டாக்டர் திருப்புளியை அழுத்தித் திருப்பினார். உள்ளே ஏதோ நழுவிய சத்தம். மறுபடி திருப்பினார். மறுபடி நழுவியது. அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பள்ளம் வட்டமாயிருச்சு," என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. திருகாணித் தலையில் திருப்புளி உட்காருவதற்கு ஆறு மூலையோடு ஒரு பள்ளம் உண்டு. அந்த மூலைகள் மழுங்கிவிட்டால் திருப்புளி சும்மா சுற்றும், பிடிக்காது. உள்ளே எலும்பு வளர்ந்து மரைகளை இறுக்கியிருக்கிறது. மேலே தலை தகட்டோடு கடித்துக் கிடக்கிறது. அந்த இறுக்கத்தை எதிர்க்கும் பலம் நான் கொடுத்த பள்ளத்துக்கு இல்லை.

மழுங்கிய தலைக்குள் இடப்பக்கமாகக் கடித்து இறங்குகிற ஒரு கருவியை வைத்து அந்த நான்காவதை எடுத்தார்கள். அதற்கே வெகு நேரமானது. ஐந்தும் ஆறும் எட்டும் வந்தன. ஏழாவது வரவில்லை. இடமரைக் கருவியின் நுனி அதற்குள் முறிந்துபோனது.

"தலையத் துளைச்சு எடுக்கறதத் தவிர வேற வழி இல்ல," என்றார் டாக்டர்.

துளைக்கிற எந்திரம் ஓட ஆரம்பித்தது. பல் டாக்டரிடம் கேட்கிற சத்தத்தைப் பத்து மடங்கு ஆக்கினால் அந்தச் சத்தம். ஒரு நர்ஸ் சூடு தணிய உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் துணிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. திறந்த காலுக்குள், அந்தச் சிவப்புச் சதை முழுக்க, கரிச்சேறு மாதிரி கறுப்பாக உலோகத்தூள் வழிந்துகொண்டிருந்தது. பட்டறையில் தரையில் கூட்டித் தள்ளுகிற தூள். அது என் மதினியின் காலுக்குள் இருந்தது.

"ஆத்தா, என்ன சத்தம் அது? இன்னும் எத்தன இருக்கு?" என்றார் மதினி.

"ஒண்ணுதேன் மதினி."

"முன்னாடி கேட்டப்பயும் ஒண்ணுன்னுதானே சொன்னே?"

யாரோ ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

தலை போனதும் தகடு கழன்றது. எலும்பில் நீட்டிக்கொண்டிருந்த தண்டைக் குறடால் பிடித்துத் திருகினார். அது வருவது போல வந்து பாதியில் முறிந்தது. மீதி எலும்புக்குள் இருந்தது. அதையும் தோண்டினால் கூடிய எலும்பு மறுபடி உடையும் என்று அப்படியே விட்டுத் தைத்தார்கள். அதற்குள் ஊசியின் மரப்புத் தெளியத் தொடங்கி, மதினி அலற, மயக்க மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அரை மணி நேரம் என்று நான் சொன்னது மூன்று மணி நேரமாகிவிட்டது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. "போடறதுக்கு உங்க பெட்டியில பன்னெண்டு கருவி இருக்கு. கழட்டறதுக்கு ஒண்ணாவது இருக்கா மேடம்?"

இல்லை. ஒன்றுகூட இல்லை.

வெளியே அண்ணன் எழுந்து வந்தான். "முடிஞ்சிருச்சா? வெரசா முடிஞ்சிரும்னியே" என்றான். தலையை மட்டும் ஆட்டினேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய், முறிந்த துண்டையும் தலை மழுங்கிய திருகாணியையும் எங்கள் பிரிவுத் தலைவர் மேசையில் வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "போட்டவங்க அளவுக்கு மேல முறுக்கியிருக்காங்க. நம்ம மேல தப்பில்ல" என்றார். இருக்கலாம். ஆனால் நான் அன்றைக்கு அந்தத் திருகாணியின் சோதனைக் கோப்பு முழுவதையும் எடுத்து உட்கார்ந்தேன். எவ்வளவு விசையில் இறங்குகிறது, எவ்வளவு இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும், எத்தனை தடவை ஆடினால் முறியும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. கழற்றிப் பார்த்ததற்கு ஒரு வரிகூட இல்லை. எல்லாப் பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து இருந்தது. மறந்துபோனது என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வி யாருக்குமே வரவில்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது.

அடுத்த வாரம் போடிக்குப் போனேன். மதினி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த வருஷக் காய் எடுப்பு அவருக்கு இல்லை என்று ஆகிவிட்டது. நான் சொன்னேன்.

"மதினி, உங்க கால்ல இருந்தது நான் வரைஞ்ச ஸ்க்ரூ."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. இரண்டாவது தடவை சொன்னதும் முகம் மாறியது.

"முன்னாடியே தெரியுமா ஒனக்கு?"

"எக்ஸ்ரேயிலயே தெரியும்."

"தெரிஞ்சுதேன் அரை மணி நேரம்னியா?"

"நான் அப்பிடித்தேன் நெனச்சேன் மதினி. சத்தியமா."

மதினி சொன்னார்: "ஏலக்கா மூடை தைக்கிறவன் பள்ளிக்கூடம் போகாதவன். அவனே ஒரு நூல இழுத்தா மொத்தமும் அவுறுற மாதிரித்தேன் தைக்கிறான். பிரிக்கப் போறவன் ஒருத்தன் இருக்கான்னு அவனுக்குத் தெரியும். நீ இம்புட்டுப் படிச்சு…"

முடிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஊரில் இருந்த நான்கு நாளும் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் காலை, மதினி வரமாட்டார் என்று தோட்டத்துக் கங்காணியிடம் சொல்ல ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். ஜீப்பு நிறையப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே இருந்த ஒரு அக்கா பூட்ஸைக் கழற்றி, சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். நீளமான தையல் தழும்பு. அதன் கீழே தோலைத் தூக்கிக்கொண்டு தகடு மேடாகத் தெரிந்தது.

"எனக்கும் எடுக்கத்தேன் போனாக. ரெண்டு வந்துச்சு, மத்தது வரல. பாதியில நிறுத்தித் தச்சு அனுப்பிட்டாக. அப்பிடியே கெடக்கு," என்றார்.

"யார்ட்டயும் சொல்லலையாக்கா?"

"யார்ட்டச் சொல்ல? எலும்பு அப்பிடி வளந்துருச்சுன்னு சொன்னாக. என் எலும்பு மேலதேன் தப்புன்னு நெனச்சேன்."

ஜீப்பு கிளம்பிப் போடிமெட்டுப் பக்கம் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். அது எங்கள் திருகாணியா, வேறு யாருடையதா என்று எனக்குத் தெரியாது. யாருடையதாக இருந்தால் என்ன. வலித்தவர் தன் எலும்பைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். எங்கள் கோப்புக்கு எதுவுமே வந்து சேருவதில்லை.

திரும்பிப் போய் வேலையை ஆரம்பித்தேன். பிரிவுத் தலைவர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. கறிக்கடையில் எலும்பு வாங்கி வந்து திருகாணிகளை இறக்கினேன். செத்த எலும்பு வளராது என்பதால், மரையைச் சுற்றிக் கெட்டியாக இறுகும் பிசினை ஊற்றிக் காயவிட்டேன். பிறகு கழற்றிப் பார்த்தேன். என் பழைய திருகாணியில் பத்துக்கு நான்கு மழுங்கின. ஆஸ்பத்திரியில் பார்த்தது என் மேசையில் திரும்பத் திரும்ப நடந்தது.

ஆறு மூலைப் பள்ளத்தை நட்சத்திர வடிவாக்கி ஆழப்படுத்தினேன். பிடிமானம் கூடியது, ஆனால் ஆழத்தால் தலை மெலிந்து, முதல் சோதனையிலேயே தலை தனியாகத் தெறித்து ஜன்னல் கண்ணாடியில் அடித்தது. நல்ல வேளை, யார் மேலும் படவில்லை. ஆழத்தைக் குறைத்து, கழுத்தைக் கொஞ்சம் தடிமனாக்கினேன். மரையின் பின்முனையிலும் வெட்டும் விளிம்புகள் வைத்தேன். உள்ளே போகும்போது முன்முனை எலும்பை வெட்டுகிற மாதிரி, திரும்பி வரும்போது பின்முனை, வளர்ந்த எலும்பை வெட்டிக்கொண்டு வரும். அப்படி என்றால் தானாகவே கழன்றுவிடாதா என்று எல்லாரும் கேட்டார்கள். நானும் பயந்தேன். மாதக்கணக்கில் ஆட்டிப் பார்த்தோம். கழலவில்லை. கடைசியாக, கழற்றும் கருவிகள் மூன்றைப் பெட்டியிலேயே சேர்க்க வைத்தேன். அனுமதியெல்லாம் வாங்கி அது வெளியே வர இரண்டு வருஷம் ஆனது. போட்ட எலும்பு கூடி, கழற்றுகிற நாள் வரக் கூடுதலாக ஒன்றரை வருஷம்.

சென்ற தை மாதம் அதே டாக்டர் கூப்பிட்டார். ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர். டிராக்டரிலிருந்து விழுந்து கால் உடைந்து, எங்கள் புதுத் திருகாணி போட்டுக்கொண்டவர்; அதைக் கழற்றும் நாள் அது. உள்ளே போய் நின்றேன். இந்தத் தடவை எட்டிப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தில் விழுகிற சத்தத்தை மட்டும் எண்ணினேன். எட்டும் விழுந்தன. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டர் நடுவில் நர்ஸிடம் ஏதோ கல்யாணத்துக்குப் போவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இவ்வளவு சாதாரணமாகவா? எனக்குச் சந்தோஷமே வரவில்லை. மதினிக்கும் இப்படி இருந்திருக்கலாமே என்ற ஒன்றுதான் நெஞ்சில் இடித்தது.

அந்த விவசாயி வார்டில் என்னைப் பார்த்து, "அம்புட்டுத்தேனா? தோட்டத்துக்கு மூணு நாளைக்கு ஆளப் போட்டுட்டு வந்தேனே!" என்று சங்கடப்பட்டார்.

அங்கிருந்து பஸ் ஏறிப் போடிக்குப் போனேன். மதினி இப்போது பேசுகிறார், பழையபடி மலையேறுகிறார். குளிர் நாட்களில் அந்தப் பாதித் துண்டு இருக்கும் இடம் குத்துகிறது என்பார். வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன்.

"எத்தன ஸ்க்ரூ?"

"எட்டு மதினி."

"எட்டுமா வந்துச்சு?"

"எட்டும்."

சேலையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு "நல்லது" என்றார். கீரைத் தட்டை எனக்கும் அவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார். இரண்டு பேருமாக ஆய்ந்தோம்.