கைநாட்டில் கிடைத்த வேலை

ஏழு வருஷம் காத்திருந்த எனக்கு வேலை கிடைத்துவிட்ட சங்கதி, வேலைவாய்ப்பு ஆபீஸ் ஜன்னலில் நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. எழுபதுகளின் கடைசி. எருமப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, பதிவைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"உங்களுக்குத்தான் வேலை கெடச்சிருச்சுங்களே, பேர எடுத்தாச்சுங்க" என்றார் குமாஸ்தா.

"யாருங்க சொன்னது?"

"உங்க கார்டுதானுங்க."

எடுத்து நீட்டினார். பதிந்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை ஆயிற்று என்று மேலிடம் கேட்டதாம். ஆளுக்கொரு பதில் கார்டு அனுப்பினார்களாம். என் கார்டில் 'வேலை கிடைத்துவிட்டது' என்று எழுதி, அடியில் ஒரு கைநாட்டு. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் கைநாட்டா வைப்பான்? அங்கே ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"வேலை இல்லீங்க. எழுதுனது தப்புங்க."

"கணக்கு மேல போயிருச்சுங்களே. இந்தத் தடவை நல்ல கணக்குங்க. நீங்க புதுசாப் பதிஞ்சுக்குங்க."

பதிந்த வரிசைப்படிதான் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். புதிதாகப் பதிந்தால் நான் கடைசி ஆள். வேலை இல்லாதவர்களைக் குறைக்க நல்ல வழிதான் கண்டுபிடித்தார்கள்! வேறு வழியில்லாமல் பதிந்துவிட்டு வந்தேன்.

அப்பா எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். கார்டைப் பற்றிக் கேட்டேன்.

"அன்னிக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க உக்காந்திருந்தாங்க சாமி. தபால்காரரு சத்தமாப் படிச்சுப்போட்டு, பையனுக்கு வேலை ஆச்சுங்களான்னு கேக்கறாரு. அவங்க எதுக்க இல்லீன்னு எப்படிச் சொல்றது? ஆச்சுன்னு எழுதச் சொல்லி வெரல வெச்சுட்டேன்."

கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் எரிச்சலாக இருந்தது. இத்தனைக்கும் அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடலைக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு படித்தவன், ஏழு வருஷம் முன்னால் எனக்கு மறுநாள் பதிந்தவன், தேய்த்த சட்டையோடு வரப்பில் வந்து நின்றான். தாலுகா ஆபீசில் வேலையாம்.

"எனக்கு முந்தியே பதிஞ்சவனாச்சே, உனக்கு வரலியா?" என்றான்.

அப்பா எழுதச் சொன்னதைச் சொல்ல மானம் விடவில்லை. "இன்னும் வரலை" என்று கையைத் துடைத்துக்கொண்டு அவன் கையைக் குலுக்கினேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

ஆபீஸ் கணக்கில் அவனும் நானும் ஒன்றுதான். இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது. அவன் போனதும் மிச்சக் களையை வெட்டக் குனிந்தேன்.