போகாத ஃபியூஸ்

விருத்தாசலத்தில் வேன் வைத்திருந்தவர்களுக்கு ஸ்தனிஸ்லாஸ் என்றால் ஒரே பேச்சுதான்: "அவரு போட்ட ஃபியூஸு போவவே போவாது." ஜங்ஷன் ரோட்டில் ஆட்டோ எலெக்ட்ரீசியன் கடை, இருபது வருஷத் தொழில். வண்டியோடு வரும் கண்ணாடி ஃபியூஸ் நடுவழியில் பொசுக்கென்று போய்விடும். டிரைவர் வெயிலில் நின்று தலையைச் சொறிவான். ஸ்தனிஸ்லாஸ் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வீட்டு மீட்டர் பலகையில் இருக்குமே, அந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையை டேஷ்போர்டுக்குப் பின்னால் திருகிவிடுவான். பீங்கான் ஊரில் அதற்கா பஞ்சம்? சூளைக்கு வெளியே லேசாக நெளிந்த கட்டைகள் குவிந்து கிடக்கும். உள்ளே மெல்லிய கம்பி ஒன்று கட்ட வேண்டிய இடத்தில் மூன்று செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவான். அப்புறம் எங்கே போவது!

அந்தப் பெருமையில்தான் மனுஷன் நிமிர்ந்து நடந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் மாதா கோயில் வாசலில் நாலு டிரைவர்களாவது வணக்கம் சொல்வார்கள்.

2004இல், மாசி மகத்துக்கு முந்தின வாரம், மதிவாணனின் வண்டி வந்து நின்றது. வண்டி என்பதா, வீடு என்பதா? மதிவாணனும் அவன் பெண்டாட்டி நீலாவதியும் பழைய வேனுக்குள்ளேயே பாய், அடுப்பு, தண்ணீர்க் குடம் எல்லாம் வைத்துக்கொண்டு, திருவிழா திருவிழாவாகப் போய்ப் பீங்கான் பொம்மை விற்பவர்கள்.

"அண்ணே, ரேடியோகிட்ட கைய வெச்சா கொதிக்குதுண்ணே," என்றான் மதிவாணன்.

"ரெண்டு நாளா கருவாடு சுட்ட நாத்தம் வேற," என்றாள் நீலாவதி. "நான் கருவாடே வாங்கலண்ணே. இவரு என்னத்தான் திட்டுறாரு."

"கருவாடு இல்லம்மா. உள்ள சுவிட்சு வேவுது," என்று சிரித்தபடி ஸ்தனிஸ்லாஸ் திருகாணிகளைக் கழற்றினான்.

விளக்கை அணைத்துப் பார்த்தான், சூடு குறையவில்லை. ரேடியோவைக் கழற்றிப் பார்த்தான், அப்போதும் குறையவில்லை. மிச்சம் இருந்தது படுக்கைக்கு மேலே மாட்டியிருந்த சின்ன ஃபேன். சுவிட்ச் போட்டிருந்தும் அது சுற்றவில்லை, முனகிக்கொண்டிருந்தது. பொம்மைக்குப் பொதியும் வைக்கோல் அச்சில் சிக்கியிருந்தது. பிடுங்கியதும் ஃபேன் சுற்றியது.

"அவ்ளோதான் தம்பி. சிக்கின ஃபேனு சும்மா இருக்காது. சுத்த முடியாம கரண்ட்ட இழுத்துக்கிட்டே கெடக்கும். அப்ப ஃபியூஸு..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. கையை உள்ளே விட்டான். கட்டை பால் வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. தானே எப்போதோ போட்ட கட்டைதான். அதற்குப் பின்னால் ஒயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பின்பக்கப் பலகை உள்ளங்கை அகலத்துக்குக் கரியாகியிருந்தது. அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம்தான் இவர்கள் இரண்டு பேரும் தலை வைத்துப் படுப்பது.

பக்கிரியின் நினைப்பு வந்தது.

பக்கிரி, கம்மாபுரத்து வேன் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கருவேப்பிலங்குறிச்சியில் லோடுக்குக் காத்திருந்தவன், உச்சி வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு, டேஷ்போர்டு ஃபேனைப் போட்டுவிட்டுத் தூங்கினான். வண்டி எரிந்தது, அவனும் எரிந்தான். போலீஸ்காரர்கள் ஸ்தனிஸ்லாஸைத்தான் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அவன் கருகிய டேஷ்போர்டில் தன் கட்டையைக் கண்டுபிடித்து, கழற்றி, உள்ளே மூன்று கம்பியும் அறாமல் இருந்ததைக் கூடிநின்ற எல்லாருக்கும் காட்டினான். "ஃபியூஸே போவல சார். அப்புறம் கரண்ட்டுல எப்படித் தீப்புடிக்கும்? பீடியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. நாலு நாளில் அது பீடியும் சாராயமும் ஆனது. பக்கிரியின் மனைவி கொளஞ்சியம்மாள், "அவரு பீடிய வுட்டு மூணு மாசம் ஆவுதே!" என்று மாரில் அடித்துக்கொண்டு சொன்னாள். யார் கேட்டார்கள்? தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவன் வினை பக்கிரியை அல்லவா சுட்டது!

ஸ்தனிஸ்லாஸ் ஒயரை மாற்றினான். கட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி ஃபியூஸ் போட்டான்.

"என்னண்ணே, போவுற ஃபியூஸப் போயிப் போடுறீங்க?"

"போவட்டும் தம்பி," என்றான். இந்த இருபது வருஷத்தில் எத்தனை வண்டிக்குக் கட்டை போட்டோம் என்று எண்ணப் பார்த்தான், முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டு மொபெட்டை எடுத்தான்.

கொளஞ்சியம்மாள் வீட்டில்தான் இருந்தாள். "வாங்கண்ணே" என்று தண்ணீர் கொடுத்தாள். சுவரில் பக்கிரியின் போட்டோ. அதன் கீழே மாடத்தில், புகை படிந்த அந்த ஃபியூஸ் கட்டை. அவன் பார்ப்பதைக் கண்டு அவள் எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

"வண்டியில மிஞ்சினது இது ஒண்ணுதாண்ணே. போலீஸுல குடுத்தாங்க. அண்ணன் போட்டது போவாதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. பாருங்க, அவரு போயிட்டாரு, இது போவல." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. "செத்ததுகூடத் தலையெழுத்துன்னு வுட்டுட்டேன். எம் பொண்ணு வாசுகிய ஸ்கூலுல பீடிக்காரன் பொண்ணுன்னு கூப்புடுறாங்களாம். அழுதுக்கிட்டு வருது."

கோயில் கூண்டில் மண்டியிட்டுச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்லிவிட்டால் கூண்டுச் சன்னலுக்கு அந்தப் பக்கத்தோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. வழியெல்லாம் அதையும் யோசித்துக்கொண்டுதான் வந்தான். இங்கே சன்னல் இல்லை.

"தங்கச்சி, இது போயிருக்கணும்," என்றான். "இது போயிருந்தா பக்கிரி இருந்திருப்பான். நான் மூணு கம்பி கட்டினதுதான் காரணம். அவன் பீடி குடிக்கல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

கொளஞ்சியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான்.

"எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? அவரு பீடி குடிக்கலன்னு எனக்குத்தான் அப்பவே தெரியுமே," என்றாள் கடைசியில். "தெருவுல நின்னு சொல்லுங்க. அன்னைக்குச் சொன்னீங்களே, அதே மாதிரி, எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

ஸ்தனிஸ்லாஸ் கட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.