ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு பூட்டு

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, ஜூலை மாதத்து மழைநாள் ஒன்றில், பெங்களூர் ஜீவனஹள்ளியில் இது நடந்தது. 

நான் ஓர் ஆடை ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சட்டைகளை நாங்கள் தைப்பதில்லை. சின்னச் சின்ன தையல் யூனிட்டுகளில் தைத்து வாங்கி வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறோம். தைக்கிறவர்களை மனிதர்களாக நடத்துகிற இடத்தில் தைத்த துணிதான் வேண்டும் என்று அந்தக் கடைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்த பிறகு, யூனிட் யூனிட்டாகப் போய் அதற்கு வழி செய்வது என் வேலையானது. குடிக்க நல்ல தண்ணீர், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, ஓவர்டைம் கூலி, வாயில் வசவு இல்லாத சூப்பர்வைசர். சண்டை போட்டால் ஒன்றும் நடக்காது. டீ குடித்தபடி பேசிப் பேசித்தான் ஆக வேண்டும்.

ஜீவனஹள்ளி யூனிட்டின் முதலாளி எல்லாவற்றுக்கும் சரி என்பார், பின்கதவைத் தவிர. நீளமான ஒரே கூடம் அது. முன்னால் ஒரு வாசல், பின்னால் சந்துக்குத் திறக்கும் ஒரு கதவு. வேலை நேரத்தில் பின்கதவில் பெரிய பூட்டு தொங்கும். உள்ளே மலைபோலத் துணி. தீப்பிடித்தால் தைக்கிற அத்தனை பெண்களும் ஒரே வாசலில் முட்டி மோத வேண்டும். பூட்டாவிட்டால் துணி திருட்டுப் போகும் என்பது அவர் பயம்.

“உங்க வீட்டுப் பின்கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்குவீங்களா சார்? சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்வார்.

மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒருநாள் என் நச்சரிப்பில் அலுத்துப்போய் அவரே பூட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். “வச்சுக்குங்க. உங்க வீட்டுக்கு ஆகும்.” மிஷினில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அதை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு ஒரே மகள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். அப்போது ஐந்து வயது. அவள் இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும். அந்த மழைநாளில் பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ஆசிரியையான என் மனைவிக்கு இன்னொரு பள்ளியில் வேலை. வேறு வழியில்லாமல் மகளை அழைத்துக்கொண்டு அப்படியே யூனிட்டுக்குப் போனேன். பெண்கள் அவளைத் துணி மூட்டைமேல் உட்காரவைத்து, கலர் கலராகத் துண்டுத்துணி கொடுத்தார்கள். நான் முதலாளியோடு புதிதாக வைத்த தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது மூட்டைமேல் துண்டுத்துணிதான் கிடந்தது. பின்கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தின் ஒரு முனை லாரி போகிற சாலை. மறு முனை ராஜகால்வாய், மழைநீர் பழுப்பாகப் பொங்கி ஓடுகிற பெரிய சாக்கடை. இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய ஆர்டர் மேஜையெல்லாம் கிடந்தது. முதலாளி ஒரு நொடி யோசிக்கவில்லை. “லைன் நிறுத்துங்க. எல்லாரும் போங்க, குழந்தையப் பாருங்க” என்றார். இரைச்சல் சட்டென நின்றது. பெண்கள் செருப்பைக்கூடத் தேடாமல் பின்கதவு வழியே மழையில் இறங்கி ஓடினார்கள். பாதிப் பேர் சாலைப் பக்கம், பாதிப் பேர் வீடு வீடாக. நான் கால்வாய்ப் பக்கம் ஓடினேன். தண்ணீரில் ஏதோ சிவப்பாக மிதந்து போனது. பிளாஸ்டிக் வாளி. அது வாளி என்று தெரிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

“சார், வாங்க. பாப்பா இங்க இருக்கு” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

சந்திலேயே ஒரு வீடு. என் மகள் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கைக்குழந்தை. “அப்பா, தம்பி என் விரல விடவே மாட்டேங்கறான்” என்று புகார் சொன்னாள்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. தையல்காரப் பெண் ஒருத்தியின் வீடு அது, குழந்தையும் அவளுடையது. கதவு திறந்த நாளிலிருந்து, டீ நேரத்தில் அவள் மாமியார் குழந்தையைப் பின்வாசலுக்குத் தூக்கி வருவார். அவள் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப மிஷினுக்குப் போவாள். அன்று குழந்தை போன வழியே என் மகளும் போயிருக்கிறாள். “நீதான் கூட அனுப்பினேன்னு நெனச்சேன்டி” என்று மருமகளிடம் அந்த அம்மா அழாத குறையாகச் சொன்னார்.

எல்லோரும் நனைந்தபடி கூடத்துக்குத் திரும்பினோம். மகளை நான் இறக்கிவிடவில்லை. முதலாளி பின்கதவை இழுத்துச் சாத்தினார். கேலியே இல்லாமல் கேட்டார்: “அந்தப் பூட்டு இருக்கா சார்? சும்னே வீண் ரிஸ்க் வேணாம்.”

டிக்கியில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் ஓடிப்போய் எடுத்து வந்து என் கையாலேயே பூட்ட வேண்டும் போலிருந்தது.

யாரும் மிஷினை ஓட்டவில்லை. குழந்தையின் அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள். “பூட்டாதீங்க சார். எம்புள்ள இந்தக் கதவை நம்பித்தான் பால் குடிக்க வருது.”

 பூட்ட வேண்டாம் என்று முதலாளியிடம் தலையை ஆட்டினேன்.  “ஆயித்து, விடுங்க. ஆர்டர் லேட்டானா உங்க ஆபீஸ்ல நீங்கதான் திட்டு வாங்கணும்” என்று சொல்லி முதலாளி லைனை ஓட விட்டார்.

அடுத்த முறை போனபோது பின்கதவுக்கு வெளியே இடுப்பளவு உயரத்தில் சின்ன மரக்கதவு ஒன்று இருந்தது. பூட்டு இல்லை. பெரியவர்கள் மேலே கைவிட்டு வெளிப்பக்கக் கொக்கியை நீக்கித் தள்ளினால் திறக்கும். கொக்கி குழந்தைக்கு எட்டாது. “உங்க பொண்ணு பண்ணின வேலைக்கு வெச்ச கேட்டு” என்றார் முதலாளி. பெண்கள் அதற்குப் ‘பாப்பா கேட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். என் மகள் இப்போதும் அந்தத் தம்பியை விசாரிக்கிறாள்.

வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டிக்கியில் பூட்டு கடகடக்கிறது. எடுத்துத் தூரப் போடச் சொல்கிறாள் மனைவி. நான் போடவில்லை, பயந்து போனால் எனக்கு முதலில் பூட்டத்தான் தோன்றும் என்பதும், அன்று என் மகளைத் தேடி மழையில் ஓடிய அத்தனை பேரும் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் ஓடினார்கள் என்பதும் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருகின்றன.