குப்பத்துக் கறுப்பு ஆயில்

பயன்படுத்திய இயந்திர எண்ணெயை நிலத்திலோ நீரிலோ கொட்டக் கூடாது. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். விதி இவ்வளவுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தூக்கத்தில் எழுப்பி இதைக் கேட்பவர் யாரும் இல்லை, விழித்திருக்கும்போதும் யாரும் கேட்டதில்லை.

போன வாரம் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றப் போனேன். மெக்கானிக் அடியில் ஒரு தட்டை வைத்துத் திருகைக் கழற்றினார். கறுப்பாக, சூடாக, நூல் பிடித்தாற்போல் இறங்கியது. "பழைய ஆயிலை என்ன பண்ணுவீங்க?" என்றேன். "ஏன் சார், உங்களுக்கு வேணுமா?" என்றார். கடைக்குப் பின்னால் திறந்த சாக்கடை. மேற்கொண்டு கேட்கவில்லை. ஓய்வூதியக்காரனுக்கு அதிகாரமும் இல்லை, வேறு மெக்கானிக்கும் இல்லை.

அந்த வாடை மட்டும் வீடுவரை கூடவே வந்தது. லேசாகக் கருகிய, நாக்கில் ஒட்டுகிற வாடை. அதோடு கொஞ்சம் கருவாட்டு வாடையும் சேர்ந்தால் அது மரக்காணம்; சுனாமிக்கு அடுத்த வருடம்.

நான் அப்போது அங்கே, படகுகளுக்குப் பதிவும் உதவியும் வழங்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் கண்காணிப்பாளன். அலுவலகத்தின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் உப்பளம். வெயில் நேரத்தில் திறந்தால் கண் கூசும், மூடினால் மூச்சு முட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்திருப்பேன். அரசு ஊழியத்துக்கு அது நல்ல பயிற்சி.

அலை வருவதற்கு முன் என் பொறுப்பில் இருந்த குப்பத்தில் பெரும்பாலும் கட்டுமரம்தான். ஆயில் என்றால் அவர்களுக்கு மீன் வறுப்பதற்கு வாங்குவது. அலைக்குப் பிறகு நிவாரணம் வந்தது. அதுவும் ஒரு அலை போலத்தான் வந்தது. ஃபைபர் படகு, அதில் டீசல் இன்ஜின். கொடுத்தவர் பெயர் படகின் பெயரைவிடப் பெரிதாக எழுதியிருக்கும். இன்ஜினை எப்படிக் கிளப்புவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பழைய ஆயிலை எங்கே ஊற்றுவது என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லை. பக்கத்தில் கடல் இருந்தது. ஊற்றினார்கள்.

இதை நேரில் பார்க்க ஒருநாள் ஏழுமலையின் படகில் ஏறி, பழைய ஆயிலைக் கடலில் ஊற்றாமல் டிரம்மில் பிடிக்க வேண்டும் என்று விதியைச் சொல்லிக்கொண்டே போனேன். ஏழுமலைக்கு நாற்பது வயதிருக்கும். குப்பத்தில் அவன் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டான் என்பதால் இருக்கலாம். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே படகு ஆட ஆரம்பித்தது. படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குக் கொடுத்தேன்.

"இதுக்கு ரூல் எதுனா இருக்குதா சார், கடல்ல ஊத்தலாமா?" என்றான் ஏழுமலை.

அவன் மச்சான் முருகன், மனைவி செல்வியின் தம்பி, பின்னாலிருந்து சிரித்தான். "சாரை டிரம்ல எடுக்கச் சொல்லு மாமா."

சிரித்தார்களே தவிர, விஷயம் அவர்களுக்குப் புரிந்திருந்தது. வலையில் வழவழவென்று கறுப்பு ஒட்டுவதை ஏழுமலையே காட்டினான். ஆயில் வாடை அடித்தால் ஏலத்தில் மீனைத் தொடமாட்டார்கள். நான் அலுவலகத்தில் கெஞ்சி நீல நிற டிரம்கள் சிலவற்றை வாங்கிக் கரையில் வைத்தேன். ஆயிலைக் கேனில் வடித்துக் கரைக்குக் கொண்டுவந்து டிரம்மில் ஊற்ற வேண்டும். பதிவு பெற்ற நிறுவனத்தின் வண்டி வந்து எடுத்துப் போகும். வண்டியை அனுப்பக் கோரி அன்றே கடிதம் எழுதினேன். உரிய வழியாக, உரிய நகல்களோடு.

என் விதியை யார் மதித்தார்கள்? குப்பம் மதித்தது தன் விதியைத்தான். கோயில் முன் கூடிய ஊர்க்கூட்டத்தில் ஏழுமலை எழுந்து பேசி, டிரம்முக்குத் தானே பொறுப்பு என்று சொல்லி, கடலில் ஊற்றக் கூடாது என்பதை ஊர்க் கட்டுப்பாடாக ஆக்கினான். மீறினால் தண்டனையும் அவர்கள் வழக்கப்படிதான். கட்டுமரக் காலத்தில் தப்பு செய்தவனின் துடுப்பைப் பிடுங்கி அம்மன் கோயிலில் வைத்துவிடுவார்களாம்; ஊர் திருப்பிக் கொடுக்கும்வரை அவன் கடலுக்குப் போக முடியாது. இப்போது துடுப்புக்குப் பதில், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடி. அது இல்லாவிட்டால் இன்ஜின் வெறும் பாரம்.

முதலில் மாட்டியவன் முருகன். கேனைக் கடலில் கவிழ்த்ததைப் பார்த்தவன் ஏழுமலை. ஊருக்குச் சொன்னவனும் அவனே. மத்தி கூட்டம் கூட்டமாக விழுந்துகொண்டிருந்த நேரம். கோயிலில் முருகனின் கைப்பிடி குங்குமத்தோடு கிடந்தது. கரையில் முருகன் வெறுமனே கிடந்தான். செல்வி புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். என்னோடு பேசினாள்.

"ஊரு பூரா மீனு பொரிக்குது, என் தம்பி வீட்ல ரசம். உங்க ஆயிலுக்கு இது போதுமாங்க சார்?"

ஏழுமலை வாசலில் வலையைப் பிரித்தபடி, "சார் ஆயிலு இல்ல, நம்ம ஆயிலு" என்றான். தலை நிமிரவில்லை.

அதன் பிறகு யாரும் கடலில் ஊற்றவில்லை. ஆம்பளைகள் கேனோடு மணலில் நடந்து வருவதைப் பார்க்கையில், இத்தனை வருடச் சேவையில் முதல்முறையாக ஏதோ செய்துவிட்டதாகத் தோன்றியது. அந்த வருட மழையிலும் டிரம்மில் தண்ணீர் இறங்காமல், நிவாரணத்தில் வந்த தார்ப்பாயை அதன்மேல் கட்டினான் ஏழுமலை. அவன் வீட்டுக் கூரைக்கு வந்த தார்ப்பாய். வண்டிதான் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். நினைவூட்டுக்கும் ஒரு நினைவூட்டு எழுதினேன்.

தை பிறந்ததும் விழா ஒன்று ஏற்பாடானது. மிச்சப் படகுகளை வழங்கும் விழா. பெரிய மனிதர்கள் வருகிறார்கள். கடலைக் காத்த முன்மாதிரி மீனவர் என்று ஏழுமலைக்குப் பொன்னாடை. பெயரைக் கொடுத்தவன் நான். கரையைப் பார்வையிட வந்த என் மேலதிகாரி டிரம்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, பெட்ரோல் பங்க் மாதிரி? க்ளியர் பண்ணு."

"பதிவு பெற்றவங்கதான் எடுக்கணும் சார். கடிதம் போயிருக்குது."

"கடிதம் வரப்போ வரட்டும். டிரம் போகட்டும்."

மறுநாள் கேடயங்கள் வாங்கி வர என்னை விழுப்புரத்துக்கு அனுப்பினார். ஒரு கண்காணிப்பாளன் செய்யும் வேலையா என்று எனக்குக் கோபம் வந்தது. வரவேண்டியது சந்தேகம். திரும்பியபோது பந்தல் முடிந்திருந்தது. கரை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. டிரம்களைக் காணோம். "வண்டி வந்துச்சா?" என்று கேட்டேன். "எல்லாம் முடிஞ்சிடுச்சு சார்" என்றார் பந்தல்காரர். எனக்கு வேண்டிய பதிலாக அதை எடுத்துக்கொண்டேன்.

விழா நன்றாக நடந்தது. கடல் நம் தாய் என்று மேடையில் பேசினார்கள். ஏழுமலை வெள்ளைச் சட்டையில் ஏறிப் பொன்னாடை வாங்கினான். செல்விகூட கீழே நின்று லேசாகச் சிரித்தாள். மாலையில் மேடைத் துணியை உருவியபோதுதான் தெரிந்தது, பலகைகளுக்கு அடியில் நின்றவை எங்கள் டிரம்கள். கவிழ்த்து வைக்கப்பட்டவை. காலியானவை.

உள்ளே இருந்தது எங்கே போனது என்பதற்கு விசாரணை தேவைப்படவில்லை. குப்பத்துக்குப் பின்னால் உப்பளத்துக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால். அதன் கரையில் புல் கறுத்துப் படுத்திருந்தது. சீசனுக்குப் பாத்தி கட்டி முதல் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த நேரம். எல்லாரும் மாதக்கணக்கில் கேன் கேனாகச் சுமந்து சேர்த்ததை, ஒரே பகலில் மேலதிகாரியின் ஆட்கள் ஊற்றிவிட்டிருந்தார்கள். உப்பில் கறுப்புக் கோடு விழுந்தது. உப்பளக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். கூலிக்குப் போகும் பெண்கள் கணுக்கால் கறுத்து வந்து வழியில் நின்று குப்பத்தைத் திட்டினார்கள்.

நடந்ததை நடந்தபடி அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். அது கோப்பில் பத்திரமாக இணைக்கப்பட்டது. மேலதிகாரி எழுதிய முடிவுரையில், "மீன்பிடிப் படகுகளிலிருந்து வெளியான எண்ணெய்" என்று இருந்தது. பொய் சொல்ல முடியாது, படகுகளிலிருந்துதான் வெளியானது. குப்பத்துக்கு எச்சரிக்கை நோட்டீஸ் போயிற்று. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு, நடைமுறைப்படி, எனக்கு.

ஊர் கூடியது. நான் ஓரமாக நின்றேன். முருகன்தான் எழுந்தான்.

"ஒரு கேனு ஊத்துனதுக்கு என் கைப்பிடிய புடுங்குனீங்க. டிரம்மு டிரம்மா ஊத்தியிருக்குது. இதுக்கு யாரு கைப்பிடிய புடுங்கப் போறீங்க?"

"ஊத்துனது ஏழுமலை இல்லீங்க, எங்க ஆளுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏம்பா, அவங்களுக்கு ஏது கைப்பிடி?" என்றார் ஒரு பெரியவர். கூட்டம் சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லாரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். டிரம்முக்குப் பொறுப்பு அவன்தான் என்று கூட்டத்தில் அன்று எழுந்து சொன்னவன் அவனே. "பொன்னாடைய மோந்து பாருடா, ஆயில் வாடை அடிக்கும்" என்று யாரோ சொன்னார்கள். ஏழுமலை எழுந்தான். படகுக்குப் போய்த் தானாகவே கைப்பிடியைக் கழற்றி எடுத்துவந்து கோயில் படியில் வைத்தான்.

என்னைத் தாண்டிப் போகும்போது நின்றான். "கடல்ல ஊத்தக் கூடாதுன்னு எங்ககிட்ட சொன்னீங்க, கேட்டுக்கினோம். உங்க ஆளுங்ககிட்ட யாருங்க சார் சொல்லணும்?"

ஊர் கைப்பிடியைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் வாங்கவில்லை. படகை முருகனிடம் விட்டுவிட்டு, காசிமேட்டில் யாருடைய விசைப்படகிலோ கூலி ஆளாகப் போய்விட்டான். செல்வியும் பிள்ளைகளும் பின்னால் போனார்கள். முதல் வாரமே முருகன் பழைய ஆயிலைக் கடலில் ஊற்றினான். யாரும் கோயிலுக்குப் போய்ச் சொல்லவில்லை. மற்றவர்களும் ஊற்றினார்கள். அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட ஊர்க்கூட்டம்கூட நடக்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததா என்று இன்று அந்தக் குப்பத்தில் கேட்டால் விழிப்பார்கள்.

நான் வானூருக்கு மாற்றல் கேட்டேன். கேட்டது கிடைத்தது, என் சேவையில் உடனே கிடைத்த ஒரே பதில் அது. சாவியை ஒப்படைக்கக் கடைசி நாள் மரக்காணம் அலுவலகத்துக்குப் போனபோது, மேசையில் தபால் ஒன்று காத்திருந்தது. வண்டி விரைவில் அனுப்பப்படும். அதுவரை டிரம்களை வெயில், மழை படாமல் பாதுகாத்து, பொறுப்பான மீனவர் ஒருவரின் பெயரைத் தெரிவிக்கவும். வந்த தேதியை முத்திரைக்குக் கீழே என் கையாலேயே எழுதினேன்: 17 ஜூலை 2006, திங்கட்கிழமை.