இரவல் கொடுக்காத மெசின்

தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் லயத்தில், ஒரு வீட்டுக் காம்பராவுக்கும் அடுத்த வீட்டுக் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. முக்கால் உயரத்திலேயே நின்றுவிடும். கட்டிய வெள்ளைக்காரன் கல்லை மிச்சம் பிடித்தானோ என்னவோ, பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கிருந்தே ‘நூறு’ என்று சொல்லலாம். சீனி, மிளகாய்த் தூள், போன் சார்ஜர் எல்லாம் சுவருக்கு மேலாகவே கைமாறும். கேட்டு இல்லை என்று சொன்னவள் எங்கள் லயத்தில் கிடையாது. என் கல்யாணப் பட்டுச் சேலையை என்னைவிட மற்றவர்கள்தான் அதிகம் கட்டியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட நான் ஒரு பொருளைத் தரவே மாட்டேன் என்று சொன்னேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருப்பதால் எழுதுகிறேன்.

கட்டி இருக்கிறது என்று எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். புண் ஆறி மறுபடி கொழுந்து பறிக்கப் போன அன்றே மலையில் தீர்ப்பு வந்துவிட்டது. “எடுத்தாச்சுல்ல, இனிமே அவ்வளவுதான். புருசன் பொண்டாட்டியெல்லாம் அக்கா தம்பி மாதிரி இருந்துக்க வேண்டியதுதான்” என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளே கொதித்தது.

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவர். மாதம் ஒரு தடவை வருவார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் நான் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். என் உடம்பு உண்மையாகவே முடிந்துபோய்விட்டதா, இல்லை ஊர் சொன்னதை நம்பி நான்தான் பூட்டிவிட்டேனா? எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

கிளினிக்குக்கு வரும் மருத்துவிச்சி மிஸ்ஸிடம், மற்றவர்கள் போகும் வரை இருந்து கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கர்ப்பப்பையத்தாங்க எடுத்தாங்க, உங்கள எடுக்கல. சுகம் தெரியிற எடம் வெளிய இருக்கு, அத யாரும் தொடல. புண்ணு ஆறிருச்சுன்னு டாக்டரும் சொல்லிட்டாங்க. பயப்படாம, அவசரப்படாம இருங்க.”

இதை என் நாத்தனாரிடம் போனில் சொன்னேன். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். கொழும்பில் பியூட்டி பார்லரில் வேலை, கல்யாணத்தை முறித்துக்கொண்டு தனியாக இருப்பவள். அவளுக்கும் எனக்கும் ஒளிவு மறைவு இல்லை.

“அண்ணி, பொம்பளைங்களுக்குன்னு சின்ன மெசின் ஒண்ணு இருக்கு. உள்ளுக்குப் போறது இல்ல. வெளிய வச்சா போதும், சின்ன வாய் மாதிரி இருக்கும், காத்தால மெதுவா இழுத்து இழுத்து விடும்.”

“அட்டை மாதிரியா?” என்று கேட்டேன். அட்டைக்குப் பயந்து காலில் சோப்புத் தேய்த்துக்கொண்டு மலை ஏறுகிறவளுக்கு வேறு என்ன தோன்றும்?

“அட்டை கடிக்கும் அண்ணி. இது கடிக்காது.”

சேலைக் கடையில் புடவை பார்ப்பதைப்போலப் படம் படமாக அனுப்பினாள். ரோசாப்பூ வடிவத்தில் ஒன்று இருந்தது, பார்க்க அவ்வளவு அழகு. அதுதான் வேண்டும் என்றேன். எதில் செய்தது என்றே போடவில்லை, ரப்பர் நாற்றம் அடிக்கிறது என்று வாங்கினவர்கள் எழுதியிருக்கிறார்கள், வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். மேனியில் படுகிற இடம் முழுக்க நல்ல சிலிக்கோனாக இருக்க வேண்டும், வாய்ப் பகுதி கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும், அழுக்கு ஒளிந்துகொள்ளும் வெடிப்பு எதுவும் இருக்கக் கூடாது என்பாள். எத்தனை வேகம் இருக்கிறது என்று நான் பெருமையாக எண்ணினால், “மேல் வேகத்த விடுங்க அண்ணி, ஆகக் கொறஞ்ச வேகம் எவ்வளவு மெதுவா இருக்குன்னு பாருங்க” என்பாள்.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. “சத்தம் வருமா? எங்களோடது முக்கால் செவுரு.”

“மழை நேரத்துல ஒண்ணும் கேக்காது.”

“மழைய நம்பினா மாசி பங்குனியில என்னா செய்யிறது?” என்றேன். அவள் சிரித்துவிட்டு, இருப்பதிலேயே சத்தம் குறைந்ததாகப் பார்த்து எடுத்தாள்.

பார்சல்காரன் எங்கள் தோட்டத்துக்கு ஏறி வர மாட்டான். நோர்வூட் டவுனுக்குப் போய்த்தான் வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் பக்கத்துக் காம்பரா அக்கா வந்து அருகில் உட்கார்ந்தார். என்னைவிட மூத்தவர், புருசன் இறந்து தனியாக இருப்பவர். ஆபரேஷன் முடிந்து நான் படுத்துக் கிடந்தபோது வேளை தவறாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான்.

“என்னா புள்ள பெட்டி?”

“இடுப்பு வலிக்கு மெசினுங்க அக்கா.”

தோட்டத்தில் போய் இப்படி ஒரு பொய்யைச் சொல்வேனா? இடுப்பு வலி இல்லாத பொம்பளை எங்கள் லயத்தில் யார் இருக்கிறாள்? பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அக்கா முதல் ஆளாகக் கேட்டுவிட்டார். “நீ பாத்துட்டு எனக்கு ஒரு நாளைக்குக் குடு.” பொழுது சாய்வதற்குள் ஆளாளுக்கு எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் தடவை, வேலை முடிந்து வந்ததும் நல்ல மழை பிடித்தது. தகரத்தில் கொட்டுகிற மழையில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று கதவைப் பூட்டினேன். வழக்கம்போல முழங்காலுக்குத் தைலம் தேய்த்திருந்தேன். அவசரத்தில் கையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு வந்திருந்தேன். தைலம் வெறும் தண்ணீருக்கெல்லாம் போகிற சாதி இல்லை. மெசினிலும் பட்டது, படக் கூடாத இடத்திலும் பட்டது. அப்படி ஓர் எரிச்சலை நான் என் பிள்ளைப் பேற்றிலும் கண்டதில்லை. ஓடிப்போய் மழையில் நிற்கலாமா என்றிருந்தது.

நாத்தனார் போனில் சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு வைத்தியர் மாதிரி பேசினாள். நிறையப் பச்சைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், அந்த இடத்தில் சோப்புக்கூட வேண்டாம், முழுசாக ஆறும் வரை மெசினைத் தொடக் கூடாது.

“கைய சோப்புப் போட்டு நல்லா கழுவுங்க. மெசினோட வாய்ப் பகுதிய முன்னயும் கழுவணும், பின்னயும் கழுவணும். நல்லா காஞ்ச பெறகு தனிப் பையில போடுங்க, பூச்சி உருண்டை பக்கம் வைக்காதீங்க. வழுக்குறதுக்குத் தேங்காயெண்ண வேணாம், பாமசியில தண்ணியில செஞ்ச ஜெல் இருக்கு. சார்ஜ்ல போட்டபடி பாவிக்க வேணாம். அழுத்தாதீங்க. வலிச்சா நிப்பாட்டுங்க.”

பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயமே கோயில் பூசைக்குப் போயிருந்தது. முழங்கால் வலித்தாலும் தைலத்தைத் தொடவில்லை. பாத்திரம் விளக்குகிறவள்போலக் கையைத் தேய்த்துக் கழுவினேன். ஆகக் குறைந்த வேகத்தில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவுதானா, ஊர் சொன்னதுதான் சரியா என்று பயம் வந்தது. அழுத்தத் தோன்றியது, அழுத்தவில்லை. கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுப் பொறுமையாக மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் என் உடம்பு எனக்குப் பதில் சொன்னது.

செத்துவிட்டது என்று எல்லாருமாக அடக்கம் பண்ணிவிட்டு வந்த ஆள், எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்ட மாதிரி இருந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன், வயிறு குலுங்கச் சிரித்தேன். நான் முடிந்துபோகவில்லை. மலையில் தீர்ப்புச் சொன்னவர்கள் எல்லாரும் தோற்றுப்போனார்கள்.

அடுத்த தடவை வீட்டுக்காரர் வந்தபோது அவரிடம் எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப என்னைய வேலைய விட்டு நிப்பாட்டியாச்சா?”

“இல்லங்க. உங்களுக்கு உதவிக்கு ஒரு ஆள் போட்டிருக்கேன்” என்றேன். அந்தத் தடவை நான் சுவர் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் அக்கா விடவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று நான் நழுவ நழுவ அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒருநாள் இஸ்தோப்பில் வந்து நின்றார்.

“நான் ஒனக்கு என்னா குடுக்கல புள்ள? ஒரு இடுப்பு மெசினத் தர மனசு வரலல்ல?”

கஞ்சி கொடுத்த கை அது. பொறுக்க முடியாமல் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, என்ன மெசின், எதற்கு வாங்கினேன் என்று தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“அன்னைக்கு ஞாயித்துக்கெழம முழங்கா வலின்னு நான் பூசைக்குப் போகல” என்றார். “நீ தனியா சிரிச்சது கேட்டிச்சு. இடுப்பு வலிக்கு யாரும் அப்பிடிச் சிரிக்க மாட்டாங்க.”

மெசின் சத்தத்துக்குத்தான் நான் அத்தனை பயந்தேன். என் சிரிப்பை நினைக்கவே இல்லை.

“எனக்கும் எடுத்துட்டாங்கதானே புள்ள, அவரு இருக்கிறப்பவே. முடிஞ்சிருச்சுன்னாங்க. நானும் சரின்னு இருந்துட்டேன்.” குரலைத் தாழ்த்திக் கேட்டார். “அப்ப, தர மாட்ட?”

“தர மாட்டேங்க அக்கா. ஒருத்தர் பாவிச்சத இன்னொருத்தர் பாவிச்சா நோய் தொத்தும். ஒருக்கா கிளினிக்ல மிஸ்ஸுகிட்ட காட்டிட்டு வாங்க. உங்களுக்குன்னு ஒண்ணு எடுப்போம்.”

அவர் போனார், காட்டினார், நாத்தனார் எடுத்து அனுப்பினாள். இரண்டு பேருமாக நோர்வூட்டில் பார்சலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். முன் சீட்டிலிருந்த எங்கள் லயத்துக்காரி திரும்பி, என்ன பெட்டி என்று கேட்டாள். ஆயுசு பூராவும் ஆட்டுக்கல் முதல் அடகு வைக்க நகை வரைக்கும் இரவல் கொடுத்தே பழகிய அக்கா, பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குள்ளது” என்றார். “எனக்கு மட்டும்.”

அடுத்த ஞாயிறு மத்தியானம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

“புள்ள, சோப்பு இருந்தா ஒண்ணு குடேன்.”

புதுச் சோப்பாக எடுத்துச் சுவருக்கு மேலாகக் கொடுத்தேன்.