அலோனும் லோன்லியும்

ஐம்பது வயதுகளின் கடைசியில், ஜமுனாமரத்தூரில் நான் இங்கிலீஷ் டீச்சர். ஒரு நாள் வகுப்பில், ‘அலோன்’ என்றால் பக்கத்தில் ஆள் இல்லாதது, ‘லோன்லி’ என்றால் ஆள் இல்லையே என்று மனசு ஏங்குவது என்று விளக்கிவிட்டு என்னையே உதாரணம் காட்டினேன்: “டீச்சர் வீட்டில் அலோன்தான், ஆனால் லோன்லி இல்லை.”

அன்று பொழுது சாயும்போது ஒரு மாணவியின் அம்மா கையில் பாயோடு வந்து நின்றார். டீச்சர் ஒண்டியாகப் படுக்கிறார் என்று மகள் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த ஊரில் பெண்ணை அப்படி விடமாட்டார்களாம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பாடம் நடத்தினால் பாயைத் தூக்கிக்கொண்டு வருவதா?

“ஒண்டியா இருக்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லம்மா, வூட்டுக்குப் போங்க.”

அவர் பாயை விரித்துக்கொண்டே சொன்னார்: “உங்களுக்கு இல்லீங்க. உங்கள இப்படி வுட்டுட்டு எங்களுக்குத்தான் தூக்கம் வராது.”